கோல்டு நகெட் மாண்டரின்: டிசம்பரிலேயே நிறம் வந்துவிட்டது, ஆனால் வாயில் வைக்க முடியவில்லை

ஃபிரீமான்ட் கொல்லைப்புறம் – டிசம்பர் 28

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மரத்தை வைத்து ஒரு வாரமாக வீட்டில் பஞ்சாயத்து நடக்கிறது, அதனால்தான் இங்கே வந்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நர்சரியில் கோல்டு நகெட் மாண்டரின் (நம் ஊர்க் கமலா ஆரஞ்சு மாதிரி தோல் உரிக்கிற வகை) என்று சீட்டு போட்ட ஐந்து கேலன் தொட்டிச் செடி ஒன்றை வாங்கிக் கொல்லையில் தெற்குச் சுவர் ஓரம் நட்டேன். விதையே இருக்காது, கலிபோர்னியாவில் இதைவிட ருசியான பழம் கிடையாது என்று வாங்கும்போது சொன்னார்கள். முதல் இரண்டு வருஷம் பூ வந்து கொட்டிவிட்டது. போன வருஷம் மூன்றே மூன்று காய், அதையும் அணில் கொண்டுபோனது. இந்த வருஷம்தான் அறுபதுக்கு மேல் பிடித்திருக்கிறது. டிசம்பர் முதல் வாரத்திலேயே நல்ல ஆரஞ்சு நிறம், தூரத்திலிருந்து பார்த்தால் அப்படி ஓர் அழகு. ஆசையாக ஆறு பழம் பறித்தேன். நார்த்தங்காயைக் கடித்த மாதிரி புளிப்பு. தோலும் சுளையை விட்டுப் பிரிய மாட்டேன் என்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் சட்சுமா என்ற இன்னொரு மாண்டரின் வகை நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறைக்கே பழுத்து, ஒரு கூடை எங்களுக்கும் கொடுத்தார், தேன் மாதிரி இருந்தது. என் மனைவி அன்றிலிருந்து "இதைப் பிடுங்கிவிட்டு அதை வையுங்கள்" என்கிறார்.

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். அவர் ஒரு டஜனைப் பறித்து அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தார். பத்து நாள் கழித்து எடுத்தால் தோல் சுருங்கியதுதான் மிச்சம், புளிப்பு அப்படியே. இப்போது வேரில் வெல்லத் தண்ணீர் ஊற்று என்கிறார்.

என் சந்தேகமெல்லாம் நர்சரியில் வேறு எதையோ கொடுத்துவிட்டார்களா என்பதுதான். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அடிமரத்திலிருந்து இரண்டு கிளை மளமளவென்று மேலே போகிறது, அதில் இலை மூன்று மூன்றாக, கிளுவை மாதிரி இருக்கிறது, முள்ளும் பெரிது. உரம் போதவில்லையா? மரத்தையே வெட்டிவிடலாமா, இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாமா? அடுத்த வாரம் ராத்திரிக் குளிர் 30 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கும் என்று வேறு போட்டிருக்கிறார்கள்.

---

ரீட்லி தண்ணிக்காரன் – டிசம்பர் 28

டிசம்பரில் கோல்டு நகெட்டைப் பறித்தால் புளிக்காமல் என்ன செய்யும் சகோ! மரம் சரியான மரம்தான். நீங்கள்தான் மூன்று மாதம் முன்னால் போய் நிற்கிறீர்கள்.

நான் ரீட்லி பக்கம் ஒரு மாண்டரின் தோட்டத்தில் சொட்டு நீர் வேலை பார்க்கிறேன், அதனால் நாள் முழுக்க இந்தப் பழங்களோடுதான் பிழைப்பு. முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், தோல் நிறத்துக்கும் உள்ளே இருக்கும் இனிப்புக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ராத்திரி குளிர ஆரம்பித்ததும் தோலில் இருக்கிற பச்சையம் போய்விடும், ஆரஞ்சு தெரியும், அவ்வளவுதான். நம் ஊர்ச் சாத்துக்குடியை நினைத்துப் பாருங்கள். குளிரே இல்லாத இடத்தில் பச்சையாக இருக்கும்போதே இனிக்கிறது. இங்கே தலைகீழ், வெளியே பழம், உள்ளே காய்.

புளிப்பு என்பது சுளைக்குள் இருக்கிற சிட்ரிக் அமிலம். அது மெதுவாகத்தான் குறையும், பகல் வெயில் திரும்பக் கூடும்போதுதான் வேகமெடுக்கும். சட்சுமா மாதிரி முன்பருவ வகைகளில் நவம்பருக்குள் குறைந்துவிடும். கோல்டு நகெட்டில் பிப்ரவரி கடைசி, மார்ச் வரை இழுக்கும். இது கோளாறு இல்லை, இந்தக் குணத்துக்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற மாண்டரினெல்லாம் முடிந்த பிறகு சந்தைக்கு வருகிற பழம் வேண்டும் என்றுதான்.

அரிசி டிரம் மாம்பழத்துக்குச் சரி, சப்போட்டாவுக்குச் சரி. ஆரஞ்சு வகையறாவைப் பறித்த பிறகு அது மேற்கொண்டு இனிக்காது. சர்க்கரையாக மாற உள்ளே மாவுச்சத்து சேர்த்து வைத்திருக்கிற பழம் இல்லை இது. மரத்தில் இருந்தால்தான் உண்டு. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். வெல்லத் தண்ணீர் ஊற்றினால் எறும்புதான் வரும், எறும்பு வந்தால் பின்னாலேயே செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் வரும், அவற்றுக்கு எறும்புதான் காவல்காரன்.

கொஞ்சம் குலம் கோத்திரம் சொல்கிறேன், வேடிக்கையாக இருக்கும். ஊரில் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கின்னோ என்று பழம் வருமே, விதை விதையாக இருக்குமே, அதுவும் கலிபோர்னியாவில் பிறந்ததுதான். ரிவர்சைடு ஊரில் இருக்கிற சிட்ரஸ் ஆராய்ச்சி நிலையத்தில் கிங் என்ற மாண்டரினையும் வில்லோலீஃப் என்பதையும் சேர்த்ததில் கின்னோ வந்தது, அதே சேர்க்கையில் வில்கிங் என்று இன்னொன்றும் வந்தது. இரண்டையும் 1935-இல் வெளியிட்டார்கள். கின்னோ பஞ்சாபுக்குப் போய்ப் பெரிய ஆளாகிவிட்டது, வில்கிங்குக்கு அந்த அளவு பெயர் இல்லை. அந்த வில்கிங்கையும், கிங்குக்கும் டான்சி என்ற இன்னொரு மாண்டரினுக்கும் பிறந்த கின்சி என்பதையும் 1950-களில் சேர்த்தார்கள், அந்தப் பிள்ளைதான் உங்கள் கோல்டு நகெட். பெயர் வைத்து வெளியிட்டது 1999-இல். ஆகக் கின்னோவுக்கு இது தம்பி மகன் முறை. தாத்தா கிங் சைகோன் பக்கத்திலிருந்து வந்தது, அது பழுக்க ரொம்ப நாள் எடுக்கிற ஜாதி. இரண்டு பக்கமும் அந்த ரத்தம்தான். உங்கள் மரம் எப்படி அவசரப்படும்?

---

சன்னிவேல் மாடிவீடு – டிசம்பர் 29

மேலே சகோ சொன்னதில் ஒரு திருத்தம். மார்ச் என்பது ரீட்லி, ஃபிரெஸ்னோ மாதிரி வெயில் அடிக்கிற பள்ளத்தாக்குக்குச் சரி. நாம் இருக்கிற சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில், அதுவும் கடல் காற்று வருகிற பக்கம், ஏப்ரல் வரை பொறுத்திருங்கள். என்னிடம் ஒன்பது வருஷமாக ஒரு மரம் இருக்கிறது, ஒரு வருஷம்கூட மார்ச் நடுவில் எனக்குத் திருப்தியாக இருந்ததில்லை. தினம் ஒன்று பறித்துப் பார்க்காதீர்கள், அறுபது பழம் இப்படியே தீர்ந்துவிடும். ஜனவரியிலிருந்து மாதம் ஒன்று, மார்ச் வந்ததும் வாரம் ஒன்று, எப்போதும் மரத்தின் ஒரே பக்கத்திலிருந்து எடுங்கள். வெயில் படுகிற வெளிப்பக்கப் பழம் ஒரு ருசி, உள்ளே நிழலில் தொங்குவது ஒரு ருசி. இரண்டையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் ஒன்றும் புரியாது.

அந்த மூன்று இலைக் கிளைகளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், இதுதான் அவசரம்! அது உங்கள் மாண்டரின் இல்லை, ஒட்டுக்குக் கீழே இருக்கிற வேர்ச்செடி. அடிமரத்தில் ஒரு சாய்வான தழும்பு அல்லது முண்டு தெரியும் பாருங்கள், அதுதான் ஒட்டு. அதற்குக் கீழே எது துளிர்த்தாலும் விடக்கூடாது. மூன்று கூறு இலை இருந்தால் மூவிலை ஆரஞ்சு ரத்தம் உள்ள வேர்ச்செடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், இங்கே நர்சரியில் பெரும்பாலும் அந்த வகையில்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். விட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் மேலே இருக்கிற மாண்டரினை அமுக்கிவிட்டு, புளித்துக் கசக்கிற ஏதோ ஒரு காயைக் காய்க்கும். பிஞ்சுத் துளிராக இருந்தால் கையாலேயே கீழ்ப்பக்கமாக இழுத்துக் கிழித்துவிடலாம், திரும்ப வருவது குறையும். உங்களுடையது முற்றிவிட்டது போலிருக்கிறது, அடியோடு ஒட்ட வெட்டுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் எலுமிச்சை மரம் என்று ஆறு வருஷம் தண்ணீர் ஊற்றி வளர்த்தார்கள், எலுமிச்சை எப்போதோ செத்துப்போய் வேர்ச்செடிதான் நின்றுகொண்டிருந்தது.

குளிருக்கு: 30 டிகிரி ஒரு மணி நேரம் என்றால் ஒன்றும் ஆகாது. 28-க்குக் கீழே இறங்கிச் சில மணி நேரம் நின்றால்தான் பழத்துக்குள் சாறு உறைந்து, பிறகு சுளை காய்ந்து சக்கையாகிவிடும். இந்த மாதிரி பின்பருவ வகையில் இதுதான் பெரிய ரிஸ்க். சட்சுமாக்காரர் பழத்தைத் தின்றுவிட்டுத் தூங்கப் போய்விடுவார், நாம் பனிக்காலம் முழுக்கப் பழத்தை மரத்தில் வைத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டும். முதல் நாள் மாலையே வேர்ப்பகுதியை நன்றாக நனைத்துவிடுங்கள், ஈர மண் சூட்டைப் பிடித்து வைக்கும். பழைய பருத்திப் போர்வையோ துணியோ தரை வரை தொங்குகிற மாதிரி மூடுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். உள்ளே கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் போடலாம், ஆனால் பழைய இழை பல்பு. எல்இடி சூடே தராது, அலங்காரத்துக்குத்தான். காலையில் துணியை எடுத்துவிட மறக்க வேண்டாம்.

---

ஃபிரீமான்ட் கொல்லைப்புறம் – டிசம்பர் 30

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ஒட்டுத் தழும்பு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தெரிகிறது, அந்த இரண்டு கிளையும் அதற்குக் கீழேதான் வருகிறது. காலையில் ரம்பம் போட்டு எடுத்துவிட்டேன், கையெல்லாம் முள் கீறல். கின்னோ கதையைச் சொன்னேன், அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. மனைவி ஏப்ரல் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்.

ஒரு கேள்வி மட்டும் விட்டுப்போனது, உரம்?

---

ரீட்லி தண்ணிக்காரன் – டிசம்பர் 30

இப்போது ஒன்றும் போடாதீர்கள். குளிர்காலத்தில் மண் சில்லென்று இருக்கும்போது வேர் எதையும் எடுக்காது, இலை கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். பிப்ரவரி கடைசியில் பூ வருவதற்கு முன்னால் தழைச்சத்து, பிறகு மே மாதம் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை, போதும். ஆகஸ்டுக்குப் பிறகு போட்டால் இளந்துளிர் கிளம்பி, அது பனியில் கருகும், அதற்கு முன்னால் இலையைச் சுருட்டுகிற பூச்சி வேறு. உங்கள் பக்கம் களிமண் என்பதால் தண்ணீர்தான் கவனம். தினம் கொஞ்சம் என்று ஊற்றாமல், ஆழமாக ஊற்றி மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு அடுத்தது. அடிமரத்தைத் தொடாமல் சுற்றி மரச்சீவல் மூடாக்குப் போடுங்கள்.

---

தாண்டிக்குடி காபி – ஜனவரி 3

நான் அமெரிக்கா இல்லை, கீழ்ப்பழனி மலை. ஆனால் விஷயம் ஆரஞ்சு என்பதால் உள்ளே வந்துவிட்டேன். எங்கள் தாத்தா காலத்தில் காபிக்கு நடுவே கமலா ஆரஞ்சு நிறைய இருந்ததாகச் சொல்வார்கள், இப்போது எங்கள் தோட்டத்தில் மொத்தமே பதினெட்டு மரம். பழம் அருமையாக இருக்கும், விதை மட்டும் பத்துப் பன்னிரண்டு. என் கேள்வி, பக்கத்தில் வேறு ஆரஞ்சோ எலுமிச்சையோ இருந்து தேனீ வந்தால் இந்த விதையில்லாப் பழத்திலும் விதை வந்துவிடாதா?

---

ரீட்லி தண்ணிக்காரன் – ஜனவரி 4

நல்ல கேள்வி அண்ணா, இதை வைத்து இங்கே பெரிய சண்டையே நடந்திருக்கிறது.

விதையில்லாப் பழம் என்பதில் இரண்டு ஜாதி. கிளெமென்டைன், டபிள்யூ மர்காட் மாதிரி மாண்டரின் வகையெல்லாம் தனியாக இருந்தால்தான் விதையில்லாமல் காய்க்கும், வேறு மகரந்தம் பட்டால் விதை வைத்துவிடும். அதனால் தோட்டக்காரர்கள் தேனீப் பெட்டியைத் தள்ளி வை என்பார்கள், தேனீக்காரர்கள் ஆரஞ்சுப்பூத் தேன்தான் எங்கள் சோறு என்பார்கள். இதில் நடுவழியாக மரத்தையே வலை போட்டு மூடுகிறார்கள். ஏப்ரல் மாதம் எங்கள் பக்கம் ரோட்டில் வந்தால் பார்க்கலாம், வரிசை வரிசையாக மரங்கள் வெள்ளைக் கொசுவலை கட்டி நிற்கும், பக்கத்தில் போனால் வாசனை மட்டும் வலைக்கு வெளியே வரும். வலையை ஏற்றுவதும் இறக்குவதும் ஆள் கூலியும் லேசான செலவு இல்லை.

இன்னொரு ஜாதி மலட்டு ஜாதி. டபிள்யூ மர்காட் மொட்டில் கதிர்வீச்சு செலுத்தி அதில் தேர்ந்தெடுத்ததுதான் டாங்கோ, 2006-இல் ரிவர்சைடில் வெளியிட்டார்கள். தேனீ வந்தாலும் அதில் விதை அநேகமாக வராது. கோல்டு நகெட் கதிர்வீச்செல்லாம் இல்லாமல், சாதாரணச் சேர்க்கையிலேயே மலடாகப் பிறந்தது. மகரந்தத்திலும் சரி, சூலிலும் சரி உயிர்ப்பு கிடையாது. சுற்றி எலுமிச்சைத் தோப்பே இருந்தாலும் விதை வராது, நம் மரத்தால் பக்கத்து வீட்டுப் பழத்திலும் விதை வராது. கொல்லைக்கு இதைவிட நல்ல அண்டைவீட்டான் கிடைக்காது.

---

லாஸ் ஏஞ்சலஸ் புதுசு – ஜனவரி 9

சன்னிவேல் அக்கா, உங்கள் ஒன்பது வயது மரத்திலிருந்து இரண்டு குச்சி அனுப்ப முடியுமா? என்னிடம் ஒரு பழைய ஆரஞ்சு மரம் இருக்கிறது, அதில் ஒட்டுக் கட்டிப் பார்க்கலாம் என்று ஆசை. தபால் செலவு நான் தருகிறேன்.

---

சன்னிவேல் மாடிவீடு – ஜனவரி 9

மன்னிக்கவும், மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் சொல்கிறேன்.

சிட்ரஸ் கிரீனிங் என்று ஆரஞ்சு, எலுமிச்சை இனத்தைத் தாக்குகிற ஒரு நோய், சீனப் பெயரில் ஹுவாங்லாங்பிங். ஒரு சின்ன சாறுறிஞ்சிப் பூச்சி பரப்புகிறது, ஒட்டுக் குச்சியிலும் போகும். மருந்து கிடையாது, மரம் வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், காய் கோணலாகிக் கசக்கும். ஃபுளோரிடாவில் 2005-இல் கண்டுபிடித்தார்கள், அங்கே ஆரஞ்சுத் தொழில் என்ன ஆயிற்று என்று ஊருக்கே தெரியும். கலிபோர்னியாவில் முதல் நோய் மரம் 2012-இல் ஹசியெண்டா ஹைட்ஸில், உங்கள் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்திலேயே, ஒரு வீட்டுக் கொல்லையில்தான் அகப்பட்டது. வணிகத் தோட்டத்தில் இல்லை, நம்மைப் போல ஆசைக்கு வளர்க்கிறவர் வீட்டில். அதனால்தான் கட்டுப்பாட்டுப் பகுதி என்று போட்டு, செடியோ குச்சியோ வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறார்கள். பார்க்க ஆரோக்கியமாக இருக்கிற மரத்திலும் நோய் ஒளிந்திருக்கும், என் மரத்துக்கு நானே உத்தரவாதம் தர முடியாது. குச்சி வேண்டுமென்றால் ரிவர்சைடில் பல்கலைக்கழகத்தின் சிட்ரஸ் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது, பரிசோதித்த சுத்தமான மொட்டுக் குச்சியைப் பணம் கட்டி வாங்கலாம், தனி ஆளுக்கும் தருகிறார்கள். ஆனால் உங்கள் பகுதி விதியைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். உங்கள் பழைய மரம் நோயில்லாமல் இருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

---

தாண்டிக்குடி காபி – ஜனவரி 10

அந்த அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் மலையில் மரம் குறைந்ததற்கு இந்த நோயும் ஒரு காரணம் என்றுதான் அதிகாரிகள் சொல்வார்கள். இலையில் ஒரு பக்கம் மஞ்சள், மறு பக்கம் பச்சை, நரம்புக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் ஒன்றுபோல் இருக்காது. சத்துக் குறைவு என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளாகும். இந்த வித்தியாசத்தை மட்டும் எல்லோரும் பார்க்கப் பழகுங்கள்.

---

ஃபிரீமான்ட் கொல்லைப்புறம் – ஏப்ரல் 19

திரும்ப வந்துவிட்டேன், கணக்கு ஒப்புவிக்க வேண்டுமே.

ஜனவரிப் பழம் புளிப்பு, ஆனால் முகம் சுளிக்கிற அளவு இல்லை. பிப்ரவரியில் புளிப்பும் இனிப்பும் பாதிப் பாதி, அம்மா அந்த மாதம்தான் ஊருக்குக் கிளம்பினார், போகும்போது ஒன்று உரித்துக் கொடுத்தேன், "பரவாயில்லை" என்றார். மார்ச் நடுவில் ஒருநாள் உரிக்கும்போதே வித்தியாசம் தெரிந்தது. தோல் காம்புப் பக்கம் லேசாகத் தளர்ந்து, விரல் விட்டதும் முழுசாக வந்தது, மேலே இருக்கிற அந்தச் சொறிச் சொறி முண்டெல்லாம் எண்ணெய் தெறித்து வீடு முழுக்க மணம். இப்போது ஏப்ரலில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், கடையில் இவ்வளவு வருஷம் வாங்கிய எதுவும் இதற்குக் கிட்டே வராது. வெறும் சர்க்கரை இனிப்பு இல்லை, பின்னால் ஒரு சின்னப் புளிப்பு நிற்கிறது. மனைவி பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு கூடை கொடுத்துவிட்டு வந்து, சட்சுமா பேச்சையே எடுக்கவில்லை.

நஷ்டம் என்றால் எலி. காலையில் போய்ப் பார்த்தால் பழம் தொங்கிக்கொண்டே இருக்கும், தொட்டால் வெறும் கூடு, உள்ளே ஒரு சுளை கிடையாது, பக்கத்தில் அழகாக வட்டமாக ஓட்டை. பதினான்கு பழம் இப்படிப் போனது. வேலியை ஒட்டி நின்ற கிளையைக் கவாத்து செய்து, தரையைத் தொடுகிற கிளையையும் தூக்கி வெட்டிய பிறகு குறைந்திருக்கிறது.

பழத்தைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "இவ்வளவு இனிப்பா இருக்குன்னா அடுத்த தடவை வரும்போது நாலு விதை எடுத்துட்டு வா, கிணத்தடியில் போட்டு வைப்போம்" என்கிறார். விதையே இல்லாததுதான் அதன் பெருமை என்று எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் இருபது பழம் மரத்தில் இருக்கிறது. ஜூன் வரை விட்டு வைக்கலாம் என்று படித்தேன், விடலாமா?

---

சன்னிவேல் மாடிவீடு – ஏப்ரல் 19

விடலாம், கெடாது. ஆனால் பூ வந்திருக்குமே இப்போது? பழைய பழம் ரொம்ப நாள் தொங்கினால் அது அடுத்த காய்ப்பைத் தின்றுவிடும். இந்த வகை ஏற்கெனவே ஒரு வருஷம் அள்ளிக் கொடுக்கும், மறு வருஷம் கைவிரிக்கும். என் மரத்தில் ஒரு வருஷம் இருநூற்றுக்கு மேல், அடுத்த வருஷம் பதினொன்று. நான் ஒருமுறை பேராசையில் ஜூலை வரை வைத்திருந்து, கடைசிப் பத்துப் பழமும் உள்ளே காய்ந்து சக்கையாகத்தான் கிடைத்தது. மே நடுவுக்குள் பறித்து முடித்துவிடுங்கள். இழுத்துப் பறிக்காமல் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள், இழுத்தால் காம்படித் தோல் பிய்ந்துகொண்டு வரும், அந்தப் பழம் இரண்டு நாள் தாங்காது. அப்புறம் காய் அதிகமாகப் பிடிக்கிற வருஷம், ஜூனில் தானாக உதிர்வது முடிந்ததும், கொத்தாக இருக்கிற பிஞ்சில் பாதியைக் கிள்ளிப் போடுங்கள். மனசு வராது, தெரியும். எனக்கும் மூன்று வருஷம் வரவில்லை.

---

ரீட்லி தண்ணிக்காரன் – ஏப்ரல் 20

அம்மாவிடம் கின்னோ விதையைப் போடச் சொல்லுங்கள், முறைக்குப் பெரியப்பாதானே.